மடியில் இருந்தது

பிப்ரவரி 9

அக்காவுக்கு,

இது நான்தான். கடிதத்தையே இப்படி ஆரம்பிக்க வேண்டிய நிலைமை.

போன செவ்வாய்க்கிழமை மதியம் உன் கடைக்குப் போன் செய்தவன் திருடன் இல்லை, நான். நான் தங்கியிருந்த லாட்ஜின் முன்மேஜையிலிருந்து பேசினேன். நீ மறந்திருந்தால் நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"அக்கா, நான்தான்."

"நான்தான்னா யாரு?"

"உன் தம்பி. அவசரம்க்கா."

"போன வருஷம் பேசுனவனும் இதைத்தான் சொன்னான். கேள்விக்குப் பதில் சொல்லு. வீடு மாறினப்போ லாரியில உன் மடியில என்ன இருந்துச்சு?"

"நீதான் இருந்த. என் மடியில படுத்துக்கிட்டு வந்த."

"நல்லா ஜோடிக்கிறே. வை போனை."

வைத்துவிட்டாய். மறுபடி கூப்பிட்டேன். நீ எடுக்கவில்லை. லாட்ஜ் மேனேஜர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே நின்றார். "கூடப் பொறந்த அக்காவே தெரியாதுங்குறாங்க. நான் எதைத் தம்பி நம்புறது?" என்றார். என் கருவிப் பையை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டார். லிஃப்ட் மெக்கானிக்குக்குக் கருவிப் பை போனால் கை போனமாதிரி.

என்ன நடந்தது என்று நீ கேட்கவில்லை. இருந்தாலும் சொல்கிறேன். அதற்கு முந்தின நாள் காலை எழுந்தபோது என் போனில் சிக்னல் இல்லை. ஊர் அப்படி என்று நினைத்து வேலைக்குப் போய்விட்டேன். சாயங்காலம் லாட்ஜ் வாடகை கட்டக் கார்டை நீட்டினால் மெஷின் ஏற்கவில்லை. மறுநாள், அதாவது செவ்வாய்க்கிழமை, காலையில் வங்கிக்குப் போனேன். யாரோ என் அடையாள அட்டையின் நகலை வைத்து, என் நம்பருக்குப் புது சிம் வாங்கியிருக்கிறான். அந்த சிம்முக்கு வந்த ஓடிபியை வைத்து என் கணக்குக்குள் புகுந்து விலாசத்தை மாற்றி, என் பெயரில் ஒரு கிரெடிட் கார்டும் இரண்டு கடனும் வாங்கிவிட்டான். எந்த லாட்ஜில் நகல் கொடுத்தபோது போனதோ தெரியாது. மாதத்துக்கு நாலு ஊர், நாலு லாட்ஜ்.

சூப்பர்வைசர் வந்து பணம் கட்டி என்னையும் பையையும் மீட்டார். இப்போது அவர் அண்ணன் வீட்டு மாடி அறையில் இருக்கிறேன். விலாசம் உறையின் பின்னால் இருக்கிறது.

ஒரே ஒரு காரியம். அம்மாவின் இரும்புப் பெட்டியில் என் பள்ளிச் சான்றிதழ் இருக்கிறது. வங்கியில் பழைய அசல் ஏதாவது கேட்கிறார்கள். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதிக்குள் காட்டாவிட்டால் அந்தக் கடனெல்லாம் என் தலையில்தான். பதிவுத் தபாலில் அனுப்பு.

அதற்குமேல் உன்னைத் தொந்தரவு செய்யமாட்டேன்.

தம்பி


பிப்ரவரி 14

கடிதம் எழுதியவருக்கு,

நீ என்று எழுதுவதா, நீங்கள் என்று எழுதுவதா என்று தெரியாமல் இந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தம்பியாக இருந்தால் மன்னித்துக்கொள். இல்லையென்றால் கொஞ்சம் வெட்கப்படுங்கள்.

நீ என்றே எழுதிப் பார்க்கிறேன்.

உன் கையெழுத்தை வைத்து உன்னைக் கண்டுபிடிக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகுதான் உறைத்தது, என் தம்பியின் கையெழுத்து எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. கடைசியாகப் பார்த்தது அவனுடைய பத்தாம் வகுப்பு நோட்டில். அதன்பிறகு எல்லாம் போன், குறுஞ்செய்தி, அதுவும் "சரி", "ம்", "வந்துட்டேன்". இத்தனை வருடத்தில் அவன் கையால் எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. நானும்தான். கூடப் பிறந்தவர்களுக்குள் இது ஒரு விநோதமான ஏழ்மை.

போன வருடம் நடந்ததை, நீ அவனாக இல்லாதபட்சத்தில், தெரிந்துகொள்வது நல்லது. கடையில் ஒரு பெரியவருக்குக் கண் பார்த்துக்கொண்டிருந்தேன். தெரியாத நம்பர். எடுத்தால் என் தம்பியின் குரல், அழுகிறது. "அக்கா, ஆக்சிடென்ட்டு. என் போன் உடைஞ்சிடுச்சு. ஆஸ்பத்திரியில பணம் கட்டினாத்தான் உள்ள சேர்ப்பாங்களாம். உன்னை விட்டா எனக்கு யாருக்கா?" கார்டு நம்பரைச் சொன்னேன். பின்பக்கத்து மூன்று எண்ணைச் சொன்னேன். வந்த ஓடிபியையும் சொன்னேன், ஒவ்வொரு எண்ணாக. அன்று முழுவதும் எந்த ஆஸ்பத்திரி என்று தெரியாமல் அலைந்தேன். சாயங்காலம் என் உண்மையான தம்பி போனில் கிடைத்தான். வேலையில் இருந்தானாம். அவன் ஆறுதல் சொல்லவில்லை. "கண்ணாடிக் கடையில வேலை பாக்குறே, உனக்கே கண்ணு தெரியலையா? புத்தகமாப் படிச்சுத் தள்ளுறே, ஒரு போன்காலைப் படிக்கத் தெரியல" என்றான்.

அந்த வார்த்தை பணத்தைவிட அதிகம் வலித்தது.

அவன்தான் பிறகு சட்டம் போட்டான். இனிமேல் யார் என் குரலில் பேசினாலும் ஒரு கேள்வி கேள். நமக்கு மட்டும் தெரிந்த கேள்வியாக இருக்கட்டும் என்றான். நான் லாரியை ஞாபகப்படுத்தினேன். "பதிலைப் போன்ல சொல்லித் தொலைக்காதே. உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், போதும்" என்றான். சொல்லவில்லை. இருவருமே சொல்லிக்கொள்ளவில்லை. அவ்வளவு ஜாக்கிரதை.

அந்தச் செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்த குரல் சொன்ன பதில் தவறு. என் தம்பிக்கு அப்போது ஏழு வயது. அப்பா போன பிறகு பெரிய வீட்டைக் காலிசெய்துவிட்டு நானும் அவனும் லாரியின் பின்னால் சாமான்களுக்கு நடுவில் உட்கார்ந்து வந்தோம், அம்மா முன்னால் டிரைவர் பக்கத்தில். அவன் மடியில் இருந்தது சுவர்க்கடிகாரம். "உடையாமப் பாத்துக்கோ, உன் பொறுப்பு" என்று அம்மா அவன் மடியில் வைத்ததை என் கண்ணால் பார்த்தேன். ராஜா சிம்மாசனத்தில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தான்.

பதில் தவறு என்பதுகூட இல்லை. அது இனிப்பாக இருந்தது. "நீதான் இருந்த." போன வருடத்துத் திருடனும் இப்படித்தான் தேன் தடவிப் பேசினான். என் தம்பி அப்படிப் பேசுகிறவன் இல்லை. உம்மணாமூஞ்சி என்று அம்மாவே பெயர் வைத்தாள். சாப்பிட்டாயா என்பதைக்கூட மிரட்டுகிற மாதிரிதான் கேட்பான். அதனால்தான் போனை வைத்தேன்.

சான்றிதழ் பத்திரமாக இருக்கிறது. அதை எனக்குத் தெரியாத விலாசத்துக்கு அனுப்பமாட்டேன். ஒரு திருடனுக்கும் அடுத்துத் தேவைப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.

நீ அவனாக இருந்தால் உடனே போலீஸில் புகார் கொடுத்து நகல் வாங்கி வை. மற்ற வங்கிகளிலும் உன் பெயரில் ஏதாவது திறந்திருக்கிறதா என்று விசாரி. எல்லா ரகசிய எண்களையும் மாற்று. இனி அடையாள அட்டையின் நகல் கொடுக்கும்போது அதன் குறுக்கே எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. இதெல்லாம் நீ எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான்.

வேளைக்குச் சாப்பிடு. யாராக இருந்தாலும்.

இப்படிக்கு,
ஒருவனின் அக்கா


பிப்ரவரி 20

உனக்கு,

பதில் வரவில்லை. தபால் தாமதமாக இருக்கலாம்.

போன கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வரும்போது பாதி வழியில் நின்றுவிட்டேன். என்ன காரியம் செய்தேன்! சரியான விடை என்ன என்பதை நானே எழுதி, உறையில் போட்டு, தபால்தலையும் ஒட்டி அனுப்பியிருக்கிறேன். பூட்டைப் போட்டுவிட்டுச் சாவியை அதிலேயே தொங்கவிட்ட கதை. இனி நீ "ஆமாம் அக்கா, கடிகாரம்தான்" என்று எழுதினால் நான் என்ன செய்வது? நம்பவும் முடியாது, நம்பாமல் இருக்கவும் முடியாது. ஜாக்கிரதையாக இருக்கிறவள் லட்சணம் இது.

போன வருடத்திலிருந்து நான் என் போனை அலமாரியில் துணிகளுக்கு அடியில் வைத்திருக்கிறேன். தெரியாத நம்பரை எடுப்பதில்லை. கொஞ்ச நாளில் தெரிந்த நம்பர்களும் வருவது நின்றுவிட்டது. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. கடையில் நாள் முழுக்க மனிதர்களிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்கிறேன். "இப்போ தெளிவா இருக்கா? இப்போ?" அவர்கள் "முதல்ல வச்சதே தேவல" என்பார்கள். என் ஒரு நாள் பேச்சு அதோடு முடிகிறது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டுப் புத்தகத்தை எடுத்தால், படித்ததைச் சொல்ல ஆள் இல்லை. என்னை இப்போது யாராலும் ஏமாற்ற முடியாது. ஏமாற்றுவதற்கென்றுகூட யாரும் வருவதில்லை.

பக்கத்துக் கடைக்காரி நேற்று கேட்டாள். "ஏம்மா, உனக்கு ஒரு தம்பி இருந்தானே, என்ன பண்றான்?"

"இருக்கான்" என்றேன். 

எழுது. சரியோ தப்போ, எழுது.


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

கடிகாரம் இல்லை.

இரண்டு கடிதமும் கிடைத்தது. முதலாவதைக் கசக்கிப் போட்டேன். பிறகு எடுத்துப் படித்தேன். கோபத்தில் பதில் எழுதவில்லை.

கடிகாரமாம். நீ நினைக்கிறபடி நான் சொன்னால் சான்றிதழ் வரும் என்று தெரிகிறது. நான் என்ன முட்டாளா? ஆனால் சொல்லமாட்டேன். நடக்காததை நடந்தது என்று சொல்லி நான் நான்தான் என்று நிரூபிக்க வேண்டுமா? வங்கியில் போதாதென்று இங்கேயும் வேறு ஒருத்தனாக வேஷம் போடணுமா?

உனக்கு அன்றைக்குக் காய்ச்சல். அது ஞாபகம் இருக்கிறதா? மத்தியான வெயில். லாரியில் மேலே தார்ப்பாய் இல்லை. கட்டில் சட்டத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாய். ஒவ்வொரு குலுக்கலுக்கும் உன் தலை சட்டத்தில் இடித்தது. அப்புறம் என் மேல் சாய்ந்து, வழுக்கி, மடியில் வந்துவிட்டாய். உன் தலை அடுப்புமாதிரி சுட்டது. நெற்றியில் வெயில் விழாமல் என் இரண்டு கையையும் குடைமாதிரி வைத்துக்கொண்டு வந்தேன். கால் மரத்துப்போனது. அசைந்தால் எழுந்துவிடுவாய் என்று அசையவில்லை. நீ தூங்கினவள், உனக்கு என்ன தெரியும்? விழித்திருந்தவன் சொல்கிறேன், எழுதிக்கொள்.

இனிப்பாகப் பேசினேனாம். நடந்ததைச் சொன்னேன். அது இனிப்பாக இருந்தால் நான் என்ன செய்ய?

புகார் கொடுத்துவிட்டேன். வங்கியில் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண். கணினியைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"உங்க விலாசம் சொல்லுங்க."

சொன்னேன்.

"தப்பு. இங்க வேற இருக்கு."

"அது நான் மாத்தல மேடம்."

"அப்ப யாரு மாத்துனா?"

"அவன்."

"அவன்னா?"

"என் பேர்ல இருக்குறவன்."

அவள் சிரித்துவிட்டாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. என்ன வாங்கியிருக்கிறான் என்று காட்டினாள். பெரிய டிவி, துணி துவைக்கிற மெஷின், இரண்டு பேர் உட்காருகிற சோஃபா. அக்கா, என் பெயரில் ஒருத்தன் என்னைவிட நன்றாக வாழ்கிறான். அவனுக்கு வீடு இருக்கிறது. சோஃபாவில் பக்கத்தில் உட்கார ஆள் இருக்கிறது. எனக்கு லிஃப்ட் கூண்டின் உச்சியும் டார்ச்சும்தான். அன்றைக்கு ஏழாவது மாடிக்கும் எட்டாவதுக்கும் நடுவில் கயிற்றுக்குக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தபோது இதை நினைத்தேன். நான் இல்லாமல் போனால், வங்கிக் கணக்கில் நான் தொடர்ந்து இருப்பேன். உனக்கு அவன் வந்து போன் செய்வான்.

கண் தெரியலையா என்று கேட்டது தப்புதான். இப்போது என்னையும் எல்லாரும் அதையே கேட்கிறார்கள். "படிச்சுப் படிச்சு அக்காவுக்குச் சொன்னியே, நீயே போய் விழுந்தியா" என்று சூப்பர்வைசர் இரண்டு நாளாக ஓட்டுகிறார்.

அனுப்புவதும் அனுப்பாததும் உன் இஷ்டம். பதினைந்தாம் தேதி ஞாபகம் இருக்கட்டும்.

தம்பி


மார்ச் 1

உம்மணாமூஞ்சிக்கு,

நீதான். சந்தேகமே இல்லை.

எப்படி நம்பினேன் என்று கேட்பாய். காய்ச்சல், தார்ப்பாய், கட்டில் சட்டம் இதையெல்லாம் வைத்து இல்லை. கதை கட்டத் தெரிந்தவன் இதைவிட நன்றாகவே கட்டுவான். விடையை நான் கையில் கொடுத்தும் நீ அதை வாங்கிக்கொள்ளவில்லை. காரியம் ஆக வேண்டியவன் தலையாட்டுவான். "பதற்றத்துல மறந்துட்டேன்க்கா, கடிகாரந்தான்" என்று ஒரு வரி போதும், வேலை முடிந்திருக்கும். இவ்வளவு நஷ்டத்தில் நின்றுகொண்டு, எனக்குத் தேவையான பதிலைக் காலால் தள்ளிவிட்டு, என்னோடு சண்டைக்கும் வருகிற ஒரு ஆள் இந்த உலகத்தில் உண்டென்றால் அது நீ ஒருவன்தான்.

கடிதத்தைப் படித்துவிட்டு நாற்காலி போட்டு ஏறிக் கடிகாரத்தை இறக்கினேன். அது இன்னும் என் சுவரில்தான் இருக்கிறது. ஓடுகிறது, தினமும் கொஞ்சம் பின்தங்கும். அதன் கண்ணாடியில் கீழ் ஓரத்தில் ஒரு கீறல் இருக்குமே, நினைவிருக்கிறதா? புது வீட்டில் லாரி நின்றதும் அம்மா முதலில் பார்த்தது அதைத்தான். "ஒரே ஒரு பொருளைக் குடுத்தேன், அதையும் உடைச்சிட்டியா?" என்று உன் முதுகில் இரண்டு வைத்தாள். நான் அரைத் தூக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நீ வாயைத் திறக்கவில்லை. ஏன் கீழே வைத்தாய் என்று அம்மா கேட்டாள். அதற்கும் நீ பேசவில்லை. பிடிவாதக்காரன் என்று அன்றைக்கு நினைத்தேன். இத்தனை வருடமும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது. மடியில் கடிகாரத்தோடு ஏறியவன் அதை ஏன் கீழே வைத்தான்?

நீ அதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தை எழுதவில்லை. உனக்குக் கடிகாரமே மறந்துபோயிருக்கிறது. எனக்குக் கடிகாரம் மட்டும்தான் ஞாபகம். ஏறும்போது பார்த்தவள் நான், வழியெல்லாம் விழித்திருந்தவன் நீ. மடியில் கனம் இருந்தால்தான் வழியில் பயம் என்பார்கள். உன் மடியில் இருந்த கனம் நானென்று தெரியாமல், நான் போனை வைத்துவிட்டேன்.

அம்மா இருந்திருந்தால் கேட்கலாம். நம் சின்ன வயதுக்கு இப்போது நம்மைத் தவிர சாட்சி கிடையாது. நாம் இரண்டு பேரும் சண்டை போட்டுக்கொண்டால் அந்த லாரி ஓடியதா என்பதே யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

சான்றிதழைப் பெட்டியிலிருந்து எடுத்து வைத்துவிட்டேன். தபாலில் அனுப்பமாட்டேன். முறைக்காதே, இது சந்தேகம் இல்லை. உன் பெயரில் மிச்சமிருக்கிற ஒரே அசல் இது, இதையும் வழியில் தொலைக்க எனக்குத் தைரியம் இல்லை. நீயே வந்து கையில் வாங்கிக்கொள். அம்மா காரியத்துக்குப் பிறகு நீ இந்த வாசலை மிதிக்கவே இல்லை. வேலை என்பாய். வேலைதான், தெரியும்.

பழைய கேள்வி இனி உதவாது. கடிதம் கடிதமாக எழுதித் தீர்த்துவிட்டோம். புதிதாக ஒன்று யோசித்து வை. பதிலைப் போனிலும் சொல்லாதே, தாளிலும் எழுதாதே. நேரில் சொல்லிக்கொள்வோம், ஒரே பதில்தானா என்று சரிபார்த்துக்கொள்வோம். போன தடவை அதைத்தானே விட்டுவிட்டோம்.

உன் முதுகில் விழுந்த அந்த இரண்டு அடியையும் நான் மறக்கமாட்டேன்.

அக்கா


மார்ச் 5

அக்காவுக்கு,

கடிகாரம் ஞாபகம் இல்லை. அடி ஞாபகம் இருக்கிறது. எதற்கு அடித்தாள் என்றுதான் மறந்திருந்தேன்.

பத்தாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். இரண்டு நாள் லீவு. சோஃபா வாங்கி வைக்காதே, அவன் ஏற்கெனவே வாங்கிவிட்டான்.

கேள்வி யோசித்துவிட்டேன். நான் வந்து கதவைத் தட்டுவேன் இல்லையா, அப்போது நீ உள்ளே என்ன செய்துகொண்டிருந்தாய்? இதுதான் கேள்வி. இதற்குப் பதில் இன்னும் உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. நடக்காததை எவன் திருடுவான்?

கதவைத் திறந்ததும் சொல். இந்தத் தடவை நானும் நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்கிறேன்.

தாழ்ப்பாளை இரண்டு தடவை இழுத்துப் பார்க்கிறாயாமே. ஒரு தடவை போதும். தேய்ந்துவிடும். வந்து எண்ணெய் போட்டுத் தருகிறேன்.

சாப்பிட்டாயா?

தம்பி